நானூற்றுப் பன்னிரண்டு ரெக்கார்டுகளும் ஒரு டட்டராங்கோவும்

"எல்லாமே ஒரே பாட்டுங்க," என்றாள் தையல்காரி.

கணவன் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். சாப்பாட்டு மேசை முழுக்க வெட்டிப்போட்ட சீருடைத் துணிகள், நடுவே அவளுடைய போன். திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. 'பெயர் தெரியாதது. கலைஞர் தெரியவில்லை.' அப்படி எண்ணூற்று இருபத்துநான்கு.

"பேரெல்லாம் நீதானே போட்டே?"

"ஒவ்வொண்ணுக்கும் உக்கார்ந்து போட்டேன். இந்த டப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள லேபிள் மாதிரி ஒண்ணு இருக்கணுமாம். அதைத்தான் படிக்குமாம்."

"யார் சொன்னா?"

"டப்பா வித்த கடைக்காரர். அதைச் சொல்லிட்டு, அணைச்சுட்டுப் போட்டுப் பாருங்கன்னார்."

"போட்டியா?"

"மூணு தடவை."

கூடத்து மூலையில், ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுக்கு உட்கார்ந்திருந்தது அந்தக் கறுப்பு டப்பா. முகத்தில் இரண்டு பச்சை விளக்குகள். வீட்டு வைஃபையோடு அதை இணைத்துவிட்டால் அதற்குள் இருக்கும் பாட்டை எந்த அறையிலிருந்தும் கேட்கலாம், போனில் தொட்டால் கூடத்து ஸ்பீக்கர் பாடும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருந்தது. அட்டைப்பெட்டியில் ஒரு குடும்பம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மாமனார் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

மணி பத்து. நான்கு மணிக்குத் தீர்ப்பு.

தையல்காரிக்கு வேண்டியது ஓர் அறை. அவ்வளவுதான். வீட்டில் இருந்த ஒரே உபரி அறையில் மாமனாரின் நானூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்தன. அவள் சாப்பாட்டு மேசையில் தைத்தாள். மேசையின் ஓர் ஓரத்தைத் துடைத்துவிட்டு அங்கேயே எல்லோரும் சாப்பிட்டார்கள். போன மாதம் கணவன் மீன் முள் என்று நினைத்து வாயிலிருந்து எடுத்தது குண்டூசி. இரண்டு பள்ளிக்கூடங்கள் சீருடை தைத்துத் தரக் கேட்டும், துணி வைக்க இடமில்லாமல் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ராத்திரிகளில் தூங்குவதற்கு முன் அவள் அந்த அறையை மனதுக்குள் அளந்து பார்ப்பாள். ஜன்னலோரம் மிஷின். எதிரே வெட்டும் மேசை. அப்புறம் ஒரு கதவு, அதைச் சாத்திக்கொள்ளும் உரிமை.

மாமனார் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை கிராம் குறைந்தாலும் தராசைப் பறிமுதல் செய்துகொண்டு போனவர் என்பதால் தெருவில் எல்லோரும் இன்னமும் அவரை இன்ஸ்பெக்டர் என்றே கூப்பிட்டார்கள். தட்டுகளை எல்லாம் டப்பாவுக்குள் மாற்றிவிட்டு நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று மருமகள் முதன்முதலாகக் கேட்டபோது, பக்கத்தில் அவருடைய சிநேகிதர், ரேடியோவில் முப்பத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவர், உட்கார்ந்திருந்தார்.

"டப்பாவுல வர்ற பாட்டு பாட்டே இல்லை," என்றார் அறிவிப்பாளர். "அது பாட்டோட போட்டோ."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். பிறகு எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். "இவன் கேட்டுட்டு, ரெக்கார்டுக்கு இது ஒரு இம்மி குறையலைன்னு தலையாட்டினா, ரூம் உனக்கு. ஆட்டலைன்னா இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது."

சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒருமுறை தெரியாமல் தன் தங்கையின் கடைத் தராசையே பிடித்து, தெரிந்த பிறகும் விடவில்லை.

பதினொரு மாதம் உழைத்தாள் தையல்காரி. பழைய பிளேயரிலிருந்து ஒயர் இழுக்க அதில் ஓட்டை இல்லை. கடைக்காரர் ஒரு சின்ன ரெக்கார்டரைக் கொடுத்து, "ஸ்பீக்கர் முன்னால வெச்சுடுங்க மேடம், அது பார்த்துக்கும்," என்றார். அவளும் வைத்தாள். ஊசியை இறக்குவாள், கதவைச் சாத்துவாள், மேசைக்கு வந்து தைக்க உட்காருவாள். ஒரு பக்கம் முடிந்ததும் போய்த் திருப்பிப் போடுவாள். ஒவ்வொன்றையும் டப்பாவில் ஏற்றியதும் முதல் பத்து விநாடி கேட்டுச் சரிபார்ப்பாள். அதற்கு மேல் கேட்க நேரம் ஏது? நேற்றுத்தான் கடைசித் தட்டு முடிந்தது.

இப்போது பார்த்தால் எல்லாமே பெயர் தெரியாதது.

"இதுல ஒரு பட்டன் இருக்கு பாரு," என்றான் கணவன், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து. பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள்கள் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. எந்தப் பொருளுக்கும் உரிய ஆள் எங்கேயோ இருப்பார் என்பதில் அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "'பாடலைக் கேட்டுத் தானாகவே பெயர் கண்டுபிடி.' இதை அமுக்கினா டப்பாவே ஒவ்வொண்ணையும் கேட்டு, இது இன்னதுன்னு உலகத்துல எங்கே இருந்தாலும் தேடிப் பிடிச்சிடும்."

"வேண்டாங்க. கடைக்காரரைக் கேட்டுட்டு..."

அமுக்கிவிட்டான்.

டப்பா யோசித்தது. பச்சை விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டின. கால் மணி நேரத்தில் வேலையை முடித்தது. தையல்காரி போனை எடுத்துப் படித்தாள். படித்துவிட்டுக் கணவனிடம் நீட்டினாள்.

'தொழிற்சாலை ஒலிகள், பாகம் ஒன்று.' 'நெசவாலையில் ஒரு நாள்.' 'சரக்கு ரயில், தூரத்திலிருந்து.' 'குழந்தையைத் தூங்கவைக்கும் இயந்திர ஓசைகள், எட்டு மணி நேரம்.'

"மூணு வயலின் ரெக்கார்டு எங்கே?" என்றாள்.

கணவன் விரலால் தள்ளித் தள்ளித் தேடினான். "கிடைச்சிடுச்சு. இந்தா, 'நெல் அரைவை மில், இரண்டாம் ஷிஃப்ட்.'"

"உங்களை யாரு அதைத் தொடச் சொன்னது?"

"நான் என்ன பண்ணுவேன். அதுக்குக் காது சரியில்லை."

கடைக்காரரைக் கூப்பிட்டார்கள். பின்னணியில் அவர் வீட்டுக் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. "டப்பா கண்டுபிடிச்ச பேரையெல்லாம் மறக்கச் சொல்லிடுங்க மேடம். ஃபோல்டர் பேரை வெச்சே புதுசா படிக்கச் சொல்லுங்க. செட்டிங்ஸ்ல கடைசிக்கு முந்தினது."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது மூடைப் பொறுத்தது மேடம்."

அதன் மூடு நான்கு மணி நேரம் என்று திரையில் வந்தது. மணி பத்தே முக்கால். இரண்டே முக்காலுக்கு முடிந்துவிடும். தையல்காரி மூச்சு விட்டாள். காலர் ஒன்றை எடுத்துத் தைக்க உட்கார்ந்தாள். கை தைத்தாலும் கண் டப்பாவின் மீதே இருந்தது. மூன்று சதவீதம். ஏழு. பதினொன்று.

மாமனார் தன் அறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேப்பரை விரித்தார்.

"எல்லாம் சரியா இருக்கா?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எல்லாம் சரியா இருக்கு மாமா."

"நாலுன்னா நாலு. நாலு அஞ்சு இல்லை."

"தெரியும் மாமா."

கணவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் செய்த தப்புக்கு ஈடாக ஏதாவது நல்லது செய்தாக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. இந்த வீட்டில் பெரிய சேதங்கள் எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கின்றன. டப்பா மூலையில் இருப்பதால்தான் மெதுவாகப் படிக்கிறது, வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் வேகம் கூடும் என்று கணக்குப் போட்டு, அவள் குளியலறைக்குப் போன நேரத்தில் அதைத் தூக்கினான். ஒயர் அவன் நினைத்ததைவிட ஒரு முழம் குறைவு. பிளக் கழன்றது.

அவள் திரும்பி வந்தபோது இரண்டு விளக்குகளும் அணைந்திருந்தன. கணவன் டப்பாவைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"நாப்பத்தியொண்ணு சதவீதம் போயிருந்தது," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"திரும்பப் போட்டா விட்ட இடத்துலேர்ந்து படிக்கும்ல?"

போட்டார்கள். பூஜ்யம் சதவீதம். மீதமுள்ள நேரம் இரண்டரை மணி. வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் வைத்ததால் வேகம் கூடித்தான் இருந்தது. அதைக் கணவன் சுட்டிக்காட்டவில்லை. வாழ்க்கையில் அவன் எடுத்த சில நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று.

மூன்று மணிக்கு டப்பா படித்து முடித்தது. பெயர்கள் எல்லாம் வந்தன. 'சிவப்பு அட்டை, மூன்று வயலின்.' 'நீல அட்டை, மெதுவான பியானோ.' 'படகுக்காரர்கள் பாட்டு, இரண்டாம் பக்கம் கீறல்.' அவள் எழுதியபடியே அச்சாக வந்தன. தையல்காரி மூன்று வயலினைத் தொட்டாள். 'எங்கே ஒலிக்க வேண்டும்?' என்று கேட்டது போன். 'ஹால்' என்பதைத் தொட்டாள்.

கூடத்து ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை.

ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். முழுவதுமாகக் கூட்டினாள்.

மாடியில் யாரோ கட்டிலிலிருந்து குதிக்கும் சத்தம் கேட்டது. படிகளில் தடதடவென்று இறங்கும் சத்தம். கதவைத் தட்டியது மாடி வீட்டு நர்ஸ். ராத்திரி வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவள், தலையெல்லாம் கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள்.

"அக்கா, என் டிவி தானா பாடுது. அணைச்சா மறுபடி எழுந்து பாடுது. தலையணையைப் போட்டு அமுக்கி வெச்சுட்டு வந்திருக்கேன்."

அவளுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்தது தையல்காரிதான். நர்ஸ் தன் டிவிக்கு வைத்திருந்த பெயரும் 'ஹால்'தான்.

"அதை முதல்ல நிறுத்துக்கா. நோயாளிங்க எல்லாம் எழுந்து ஆடற மாதிரி கனவு வேற."

நிறுத்தினாள். தன் ஸ்பீக்கருக்கு 'எங்க ஹால்' என்று பெயர் மாற்றினாள். நர்ஸ் கொட்டாவி விட்டபடி படியேறினாள். மணி மூன்று இருபது. தையல்காரி மறுபடி மூன்று வயலினைத் தொட்டாள். இந்தத் தடவை பாட்டு கூடத்திலேயே பிறந்தது. மெல்லிய பனி விழுவது போல வயலின் ஆரம்பித்தது. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது.

இருபதாவது விநாடியில், வயலினுக்குப் பின்னால், தடதடதடதட என்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி தடதடதட. நின்றது. தட.

"ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சா?" என்றான் கணவன்.

அவள் பியானோவைப் போட்டாள். இருபது விநாடி சுத்தம். பிறகு தடதடதடதட. படகுக்காரர்கள் பாட்டைப் போட்டாள். படகுக்காரர்கள் துடுப்பு போட்டார்கள், கூடவே யாரோ தடதடவென்று அடித்தார்கள். இன்னும் ஆறு பாட்டுகளைப் போட்டுப் பார்த்தாள். ஆறிலும் இருந்தது.

மெதுவாகத் திரும்பி மேசைமேல் இருந்த தையல் மிஷினைப் பார்த்தாள். கணவனும் பார்த்தான்.

ஊசியை இறக்குவாள், கதவைச் சாத்துவாள், மேசைக்கு வந்து தைக்க உட்காருவாள். நடுவில் இருந்தது பலகைச் சுவர். பதினொரு மாதம், எண்ணூற்று இருபத்துநான்கு பக்கம், ஒன்று விடாமல் அவள் தைத்த சீருடைகள் எல்லாம் மாமனாரின் இசையோடு சேர்ந்து பதிவாகியிருந்தன.

"நெசவாலைன்னு சொன்னப்போ டப்பா சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றான் கணவன்.

"கொஞ்சம் வாயை மூடறீங்களா?"

"அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிடு. இன்னொரு நாள்..."

"அவர் இன்னொரு நாள் குடுக்க மாட்டார். தங்கச்சி தராசையே திருப்பிக் குடுக்காதவர்." அவள் மேசையைப் பார்த்தாள். துணிகளுக்கு நடுவே காலையில் சாப்பிட்ட தட்டு ஒன்று இன்னும் கிடந்தது. "முடிஞ்சு போச்சுங்க. இதே மேசைதான் எனக்கு."

அழைப்பு மணி அடித்தது.

அறிவிப்பாளர் முதலில் நுழைந்தார். வெளுத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, ஆளுக்கு முன்பாக வந்து சேரும் குரல். அவருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரின் இன்னொரு சிநேகிதரான கடிகார ரிப்பேர்காரர் வந்தார். ஒல்லியானவர், பேசவே மாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, வருத்தத்தோடு தலையசைப்பார். இங்கேயும் அதைச் செய்தார்.

"மருமகளே, போட்டோ எல்லாம் ரெடியா?" என்றார் அறிவிப்பாளர்.

"ரெடி மாமா," என்றாள். வேறென்ன சொல்ல முடியும்?

தேநீர் வந்தது. மூன்று பேரும் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியில் நேராக, பழைய நாட்களில் தராசுக்கு முன் உட்காருவதைப் போல உட்கார்ந்தார்.

"நீயே ஒண்ணு சொல்லு," என்றார் சிநேகிதரிடம்.

"சிவப்பு அட்டை. மூணு வயலின்," என்றார் அறிவிப்பாளர் தயங்காமல். "எனக்கு அது மூச்சு மூச்சாத் தெரியும்."

தையல்காரி தொட்டாள். பனி விழ ஆரம்பித்தது. அறிவிப்பாளர் கண்ணை மூடினார். மீசை லேசாக அசைந்தது. அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினேழு. பதினெட்டு. மின்சாரம் போய்விடட்டும். பத்தொன்பது.

தடதடதடதட.

அறிவிப்பாளரின் ஒரு கண் மட்டும் திறந்தது.

தடதடதட. தட.

இரண்டாவது கண்ணும் திறந்தது. "என்னது அது?"

கணவன் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை மிதித்தாள். மிதித்த பிறகு, எதற்காக மிதித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது கடிகார ரிப்பேர்காரர் தொண்டையைச் செருமினார். அவர் குரலைக் கேட்டே மாதக்கணக்காகியிருந்ததால் எல்லோரும் திரும்பினார்கள்.

"இது வந்து... டட்டா..." என்றார். நெற்றியைச் சுருக்கினார். "டட்டராங்கோ வாத்தியம்தானே?"

முப்பத்திரண்டு வருடத்தில் அறிவிப்பாளர் மைக் முன்னால் 'எனக்குத் தெரியாது' என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அதை ஆரம்பிக்கும் உத்தேசமும் அவருக்கு இல்லை.

"பின்னே?" என்றார். "டட்டராங்கோவேதான். யாராவது சொல்றாங்களான்னுதான் கேட்டேன்."

"அது என்ன வாத்தியம்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மரமும் இரும்பும் சேர்ந்தது. கடல் தாண்டி வந்தது. இதை வாசிக்கறவங்க உலகத்துலேயே கொஞ்சம் பேர்தான்." அறிவிப்பாளரின் குரல் மெல்ல ரேடியோவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. "கையால மட்டும் வாசிக்க முடியாது. காலும் வேணும்."

கணவனுக்குப் புரை ஏறியது. தையல்காரி அவன் முதுகில் தேவைக்கு மேல் ஓங்கித் தட்டினாள்.

"ஆனா ஒரு சந்தேகம்," என்றார் இன்ஸ்பெக்டர். இந்த மனிதர் எதையும் விடமாட்டார். "நாப்பது வருஷமா இந்த ரெக்கார்டைப் போட்டுக் கேக்கறேன். ஒரு நாளும் இந்தச் சத்தம் என் காதுல விழலையே."

"எப்படி விழும்?" என்றார் அறிவிப்பாளர். "உன் ஊசி தேஞ்ச ஊசி. டட்டராங்கோ அடியில, ரொம்ப ஆழத்துல ஓடற சத்தம். ஊசி மேலால மேஞ்சுட்டுப் போயிடும். இந்த டப்பா தோண்டி எடுத்திருக்கு."

"அப்போ ரெக்கார்டுல கேக்காதது டப்பாவுல கேக்குதுன்னு சொல்றே?"

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

"ஒரு இம்மியாவது குறையுதா?"

"இம்மியா? ஒரு கிலோ கூட இருக்கு. மருமகளே, அடுத்தது போடும்மா. பியானோ. அதுல டட்டராங்கோ இருந்தே ஆகணும், அந்தக் காலத்து ஆட்கள் அது இல்லாம பியானோவே தொட மாட்டாங்க."

பியானோவில் இருந்தது. அன்றைக்கு அவள் நீளமான பாவாடை விளிம்புகள் தைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூச்சு விடாமல் அரை நிமிடம் ஓடி, திருப்பத்தில் தயங்கி, மறுபடி ஓடியது. அறிவிப்பாளர் தொடையில் தாளம் போட்டார். பாட்டின் நடுவில், பியானோ தாழ்ந்து போன இடத்தில், தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் களைப்போடு சொன்னது. "இடுப்பு முப்பத்தாறு. தோள் பதினாலு. பட்டன் ஒண்ணு கம்மி."

தையல்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஆகா," என்றது அறிவிப்பாளரின் குரல். "கேட்டியா? நடுவுல பேச்சு. அந்தக் குரல்ல எவ்வளவு துக்கம் பாரு. பட்டன் ஒண்ணு கம்மி. மனுஷ வாழ்க்கையையே சொல்லிட்டாளே."

"யார் பாடினது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பெரிய ஆள். இப்போ பாடறதில்லை."

அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. டட்டராங்கோ அதிகமாக வரும் பாட்டாகப் போடச் சொன்னார். கணவன் இப்போது துணிந்துவிட்டான். முந்நூறு சட்டைக் காலர் தைத்த வாரம் எதுவென்று நினைவுபடுத்தி, அந்த வாரத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டான். படகுக்காரர்கள் துடுப்பு போட, டட்டராங்கோ அவர்களை முந்திக்கொண்டு ஓடியது. ஓரிடத்தில் பாட்டும் டட்டராங்கோவும் ஒரே நொடியில் நின்றன. அங்கே நூல் அறுந்திருக்க வேண்டும். அறிவிப்பாளர் எழுந்து நின்று கை தட்டினார். மாடியிலிருந்து நர்ஸ் தரையைத் தட்டினாள். அதையும் அவர் ரசித்தார்.

ஐந்தரை மணிக்குத் தீர்ப்பு வந்தது. அறிவிப்பாளர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு மைக் எதிரில் இருப்பதைப் போல நின்றார்.

"போட்டோன்னு சொன்னேன். வாபஸ் வாங்கிக்கறேன். இது பாட்டுதான். பாட்டுக்கு மேலே." பிறகு தலையை ஆட்டினார். ஒரு முறைக்கு மூன்று முறை, யாருக்கும் சந்தேகம் வராதபடி.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். தோற்றுப்போன மனிதரைப் போலத்தான் இருந்தது அவர் முகம். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். அதை ஒரு கணம் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சொன்னா சொன்னதுதான்," என்றார் கடுப்பாக. "இந்தா. நாளைக்கு நூலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

தையல்காரி சாவியை வாங்கினாள். நேராகப் போய் அந்தக் கதவைத் திறந்து உள்ளே நின்றாள். தூசியும் அட்டையும் சேர்ந்த வாசனை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக இறங்கி, மிஷின் வைக்கப்போகும் இடத்தில் சரியாக விழுந்திருந்தது. அவள் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். வெளியே கணவன் ஏதோ கூப்பிட்டான். அவன் குரல் வேறொரு வீட்டிலிருந்து வருவது போலச் சன்னமாகக் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்காததால், நாடா இல்லாமலே அறையை ஒருமுறை நடந்து அளந்தாள். நீளம் ஏழு தப்படி. அகலம் ஐந்தரை. இனி யாருடைய சாப்பாட்டிலும் குண்டூசி விழாது. திங்கட்கிழமை காலையில் அந்த இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் போன் செய்துவிடலாம்.

அவள் வெளியே வந்தபோது விருந்தாளிகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் 'டட்டர டட்டர' என்று முனகியபடி படியிறங்கித் தெருவுக்கே போய்விட்டார். இன்ஸ்பெக்டர் பேப்பருக்குப் பின்னால் மறைந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. தையல்காரி வாசல் வரைக்கும் கடிகார ரிப்பேர்காரரை வழியனுப்பப் போனாள்.

"ரொம்ப நன்றி மாமா," என்றாள் தாழ்ந்த குரலில். "நீங்க மட்டும் அந்த வாத்தியத்தோட பேரைச் சொல்லலைன்னா இன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கும்."

அவர் படியில் நின்றார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, கூச்சத்தோடு அவளிடம் நீட்டினார்.

"உன் மாமனார் நேத்தே டப்பாவைக் கேட்டுட்டு எழுதிக் குடுத்த பேருதாம்மா அது, கண்ணாடி இல்லாம படிச்சேன், சரியாத்தான் சொன்னேனான்னு கொஞ்சம் பாரு."